பார்ட்டியில் ஒரு ட்ரோல்: டிஎம் சம்மதிக்கலாமா?

நிலவறை:
புது கேம்பைன் (பல நாள் தொடர்ந்து ஆடுற கதை) தொடங்கப் போறோம், நான்தான் டிஎம், அதாவது ஆட்டத்தை நடத்துற ஆள். ஆளுக்கொரு கேரக்டரா பகடை உருட்டி ஆடுற டி அண்ட் டி (டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்) விளையாட்டு, 5ஆம் பதிப்பு, 2014 விதிகள், மூணாவது லெவல்ல ஆரம்பம். பார்ட்டியில, அதாவது ஆடுற குழுவுல, நாலு பேர் கேரக்டர் ரெடி: ட்வார்ஃப் கிளெரிக் (குணப்படுத்துற பூசாரி), எல்ஃப் ரேஞ்சர் (காட்டு வேட்டைக்காரர்), மனித விஸார்ட் (மந்திரவாதி), ஹாஃப்லிங் ரோக் (பொறி கண்டுபிடிக்கிற திருடன்). அஞ்சாவது நண்பர் ட்ரோல் (காயம் தானா ஆறுற ராட்சச மான்ஸ்டர்) வேணும்ங்கிறார். கூட்டம் கைவிட்டுட்டுப் போன குட்டி ட்ரோல், நம்ம கிளெரிக்கோட கோயில்ல வளர்ந்ததுன்னு கதையும் எழுதி அனுப்பியிருக்கார். கதை நல்லாவே இருக்கு. சிக்கல் என்னன்னா, கேம்பைன் தொடங்குற எல்லையோர ஊரை ஒரு தலைமுறைக்கு முன்னாடி சூறையாடினதே ட்ரோல்கள்தான். அந்த ஊர்ச் சந்தையில இவர் எப்படி நடமாடுவார்? வேண்டாம்னு சொல்லத்தான் தோணுது, ஆனா சரியான காரணம் இல்லாம மறுக்க மனசு வரல. நீங்க என்ன செய்வீங்க?

பகடைராஜா:
தாராளமா சம்மதிங்க. மான்ஸ்டரா ஆடுறது நேத்து வந்த மோகம் இல்ல. 1974ல வந்த முதல் டி அண்ட் டி புத்தகத்திலயே, ஆட்டக்காரர் கிட்டத்தட்ட எதுவா வேணும்னாலும் ஆடலாம், பலம் குறைஞ்ச நிலையில தொடங்கி மேல வந்தா போதும்னு இருக்கு. அங்க சொல்லியிருக்கிற உதாரணமே டிராகன்தான்: இளம் டிராகனா ஆரம்பிச்சு படிப்படியா வளரணும். அதுக்கும் முன்னாடி டி அண்ட் டிய உருவாக்கின ரெண்டு பேர்ல ஒருத்தரான டேவ் ஆர்னெசனோட பிளாக்மூர் ஆட்டத்துல ஒருத்தர் வேம்பயரா ஆடியிருக்கார். உங்க நண்பர் கேக்கிறது குட்டி ட்ரோல். 1974ல வச்ச நிபந்தனைய அவரே நிறைவேத்திட்டு வந்து நிக்கிறார்.

குகைவாசி:
பகடைராஜா, வேம்பயர் கதையைப் பாதியிலேயே நிறுத்திவிட்டீர்கள். சர் ஃபாங் என்ற அந்த வேம்பயரின் பலம் கைமீறிப் போனதால், அவனை எதிர்த்து நிற்பதற்கென்றே ஒரு புதிய கிளாஸ் (கேரக்டரின் தொழில் வகை) உருவானது. இன்று நாம் கிளெரிக் என்று ஆடுவது அதன் வழிவந்ததுதான். ஒருவருடைய ஆசைக்கு ஈடுகொடுக்க ஆட்டமே மாற வேண்டியிருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? 1979இல் வந்த டிஎம் கையேட்டில் இன்னொரு படைப்பாளியான கேரி கைகாக்ஸ் இதற்கென்றே ஒரு பகுதி ஒதுக்கினார். மான்ஸ்டர் கேட்பவர் பெரும்பாலும் மற்ற கேரக்டர்களைவிட ஓங்கி நிற்கத்தான் அதைக் கேட்கிறார் என்பது அவர் முடிவு. அதே விளையாட்டு, ஐந்தே ஆண்டுகளில் இந்த இடத்துக்கு வந்து சேர்ந்தது.

நிலவறை, உங்கள் ட்ரோலையே எடுத்துக்கொள்வோம். மான்ஸ்டர் மேனுவலில் அதற்கு 84 ஹிட் பாயிண்ட் (எவ்வளவு அடி தாங்கும் என்ற அளவு), ஒவ்வொரு டர்னிலும் (தன் முறை வரும்போதும்) 10 பாயிண்ட் தானாக ஆறும். குட்டி ட்ரோல் என்று அதை டர்னுக்கு 1 ஆகக் குறைக்கிறீர்கள் என்று வையுங்கள். பார்க்க அற்பம். ஆனால் எல்லாருக்கும் ஒரு டர்ன் வரும் ஒரு ரவுண்டு 6 விநாடி. ஒரு நிமிடத்துக்கு 10 பாயிண்ட். மூன்றாம் லெவல் போர்வீரனுக்கு இருப்பதே 28 பாயிண்ட் சுமார். சண்டை முடிந்து மற்றவர்கள் ரத்தத்தைத் துடைப்பதற்குள், மூன்றே நிமிடத்தில் இவர் புத்தம்புதிதாக எழுந்து நிற்பார். மற்ற நால்வரும் ஷார்ட் ரெஸ்டுக்கு ஒரு மணி நேரம் உட்கார வேண்டும், அல்லது கிளெரிக்கின் ஸ்பெல்களைக் கரைக்க வேண்டும். பொறி வைத்த அறைக்குள் முதலில் யார் போவது என்ற கேள்வியே இனி எழாது. ரோக் ஆடுபவருக்கு அங்கே என்ன வேலை மிச்சம்?

செங்காந்தள்:
கணக்கு சரிதான் குகைவாசி அண்ணா, ஆனா அந்தக் கணக்குக்கு விடை அதே விதிப் புத்தகத்துலயே இருக்கு. சாம்பியன் ஃபைட்டருக்கு (ஒரு வகைப் போர்வீரர்) 18ஆம் லெவல்ல இதே மாதிரி ஒரு திறமை வருது. பாதி ஹிட் பாயிண்டுக்குக் கீழ இருந்தா மட்டும்தான் ஆறும், பாதி வந்ததும் நின்னுடும். தானா ஆறுற சக்திக்கு வரம்பு போட்டா ஆட்டம் கெடாதுன்னு அவங்களே காட்டியிருக்காங்க. மூணாவது லெவலுக்கு அதுவும் அதிகம்தான். அதனால நான் செய்யறது இது: ட்ரோல் தன் டர்ன்ல போனஸ் ஆக்‌ஷனா ஒரு ஹிட் டைஸ் (உருட்டி ஹிட் பாயிண்டை மீட்கிற பகடை, லெவலுக்கு ஒண்ணு) செலவு பண்ணி ஆறிக்கலாம். மூணாவது லெவல்ல கையில இருக்கிறதே மூணு. அது எல்லாருக்கும் இருக்கிற அதே கையிருப்பு. மத்தவங்க ஷார்ட் ரெஸ்ட்ல செலவழிக்கிறதை இவர் சண்டைக்கு நடுவுல செலவழிக்கிறார், தீர்ந்தா தீர்ந்ததுதான்.

போன டர்னுக்கு அப்புறம் தீயோ ஆசிடோ பட்டிருந்தா அதுவும் முடியாது. 2014 விதிப்படி எரியுற தீப்பந்தத்தால அடிச்சா 1 பாயிண்ட் தீக்காயம். அந்த 1 போதும். நிலவறை, உங்க ஊர் ட்ரோல்கிட்ட அடிபட்ட ஊர். அங்க தீப்பந்தம் எடுக்கத் தெரியாத ஒரு கிழவி இருப்பாங்களா?

கடலோடி:
3ஆம் பதிப்பு காலத்து ஆள் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். இந்தக் கேள்விக்கு எண்களால் மட்டும் விடை தேடி அலுத்துப்போனது அந்தப் பதிப்பு. 'லெவல் அட்ஜஸ்ட்மென்ட்' என்று ஒரு முறை இருந்தது. ட்ரோலுக்கு 6 ஹிட் டைஸ் (இங்கே மான்ஸ்டரின் பலத்தின் அளவு), அதோடு 5 சேர்த்து 11ஆம் லெவல் கேரக்டருக்குச் சமம் என்றார்கள். காகிதத்தில் நியாயம். மேஜையில் பார்த்தால், 11ஆம் லெவல் ஃபைட்டரும் விஸார்டும் இருக்கும் பார்ட்டியில் கிளாஸ் லெவல் ஒன்றுகூட இல்லாமல், சராசரி 63 ஹிட் பாயிண்டோடு நிற்க வேண்டும். எதிரி விஸார்டின் ஒரு ஃபயர்பால் 10டி6 (பத்து ஆறுமுகப் பகடை), சராசரி 35. தீ என்பதால் அந்தக் காயம் ஆறவும் செய்யாது. மைண்ட் ஃப்ளேயர் என்ற மான்ஸ்டர் இன்னும் மோசம்: 8 ஹிட் டைஸ், கூடுதல் 7, மொத்தம் 15. அந்த லெவலில் 44 ஹிட் பாயிண்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது? 2003இல் ஸாவேஜ் ஸ்பீசிஸ் என்ற புத்தகம் வந்து மான்ஸ்டர்களை லெவல் லெவலாகப் பிரித்து, முதல் லெவலிலிருந்தே ஆட வழி செய்தது. செங்காந்தள் செய்வதும் அந்த வழிதான், இன்னும் எளிமையாக.

குகைவாசி:
எண்களைச் சரிசெய்துவிடலாம் என்றே வைத்துக்கொள்வோம். என் பெரிய ஆட்சேபம் அங்கே இல்லை. ஊர் வாசலில் இருக்கிறது.

பார்ட்டி வாசலுக்கு வருகிறது. காவலாளி ட்ரோலைப் பார்க்கிறான். இனி அந்தக் காட்சி முழுக்க ட்ரோலைப் பற்றியது. முக்காடு போடலாமா, கோயில் முத்திரையைக் காட்டலாமா, ஊர்த் தலைவரைக் கூப்பிடலாமா என்று நேரம் ஓடுகிறது. சத்திரத்தில் திரும்பவும் இதே. சந்தையில் திரும்பவும். ரேஞ்சர் ஆடுபவர் தன் காணாமல் போன தங்கையைத் தேடி வந்திருப்பார்; அந்தக் கதைக்கு எப்போது முறை வரும்? 'சரி, இந்த ஊரார் நல்லவர்கள், கண்டுகொள்ள மாட்டார்கள்' என்று டிஎம் விட்டுக்கொடுத்தால் சூறையாடப்பட்ட ஊர் என்ற அடித்தளமே போய்விடும். அப்புறம் அவர் ஆடுவது ட்ரோல் அல்ல, பச்சைத் தோல் போர்த்திய மனிதன். இரண்டில் எது நடந்தாலும் நஷ்டம்தான்.

ஐந்து பேரும் மான்ஸ்டராக ஆடுங்கள், முதல் ஆளாக நான் உட்காருவேன். 1976லேயே மான்ஸ்டர்ஸ்! மான்ஸ்டர்ஸ்! என்று அதற்கென்றே தனி விளையாட்டு வந்தது. 1988இல் ஆர்க்ஸ் ஆஃப் தார் முழுக்க ஆர்க், கோப்ளின் தரப்பிலிருந்து ஆடுவதற்கான புத்தகம். அங்கே எல்லாருக்கும் ஒரே வாசல், ஒரே காவலாளி.

பகடைராஜா:
ஒரே ஒரு ட்வார்ஃப் எல்ஃப் நாட்டுக்குப் போனாலும் அந்தக் காட்சி அவரைப் பத்தினதுதான். அதை யாரும் தடை பண்ணல.

குகைவாசி:
ட்வார்ஃபைக் கண்டு காவலாளி முறைப்பான். ட்ரோலைக் கண்டால் அபாய மணி அடிப்பான். இரண்டும் ஒன்றா?

செங்காந்தள்:
பச்சைத் தோல் போர்த்தின மனிதன்னு சொன்னீங்க பாருங்க, அதுல நான் உங்க பக்கம். அதனாலதான் பலவீனத்தை விடக்கூடாதுன்னு நிக்கிறேன். நான் ரொம்ப நாளா ஆடுறது கோபோல்ட் (குட்டி மான்ஸ்டர்), 2016ல வோலோஸ் கைடு புத்தகத்துல வந்த கோபோல்ட். அதுக்கு ஸ்ட்ரெங்த் (உடல் வலு) 2 குறையும். வெயில்ல நின்னு அடிச்சா டிஸ்அட்வான்டேஜ் (ரெண்டு பகடை உருட்டி சின்ன எண்ணை எடுக்கணும்). கூடவே பேக் டாக்டிக்ஸ் உண்டு: நான் அடிக்கிற எதிரிக்கு 5 அடிக்குள்ள என் கூட்டாளி நின்னா அட்வான்டேஜ் (பெரிய எண்ணை எடுக்கலாம்). ரெண்டும் சேர்ந்தா ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்கும். அதாவது பட்டப்பகல்ல மத்தவங்க மாதிரி சாதாரணமா ஒரு அடி அடிக்கணும்னாலே பக்கத்துல ஒரு நண்பன் வேணும். தனியா நின்னா பகடை எனக்கு எதிரி.

இது என் கேரக்டர் ஷீட்ல எழுதியிருக்கிற ஒரு வரி, ஆனா மேஜையில இருக்கிற எல்லாரோட ஆட்டத்தையும் மாத்திச்சு. பாலைவனத்தை ராத்திரியில கடக்கலாம்னு ரேஞ்சர் திட்டம் போட்டார். பலாடின் என்னைத் தாண்டி ஓடாம பக்கத்திலயே நின்னு சண்டை போடப் பழகினார். காட்சி என்னைப் பத்தினதா மட்டும் ஆகல, நாங்க ஒருத்தரை ஒருத்தர் எப்படிப் பார்த்துக்கிறோம்ங்கிறதைப் பத்தினதா ஆச்சு. 2022ல வந்த மான்ஸ்டர்ஸ் ஆஃப் தி மல்டிவர்ஸ் புத்தகத்துல அந்த வெயில் பலவீனத்தையும் பேக் டாக்டிக்ஸையும் சேர்த்தே எடுத்துட்டாங்க. ஸ்ட்ரெங்த் குறையுறதும் போச்சு. யார் வேணும்னாலும் கஷ்டமில்லாம ஆடலாம்ங்கிற நோக்கம் எனக்குப் புரியுது. ஆனா அதுல எனக்குப் பிடிச்ச கோபோல்டைக் காணோம்.

ட்ரோலுக்கும் அப்படி ஒண்ணு வேணும். பலத்தை மட்டும் இறக்கிக் கொடுத்தா குகைவாசி அண்ணா பயப்படுற மாதிரிதான் முடியும்.

கடலோடி:
அளவையும் மறக்க வேண்டாம். ட்ரோல் லார்ஜ் உருவம். 5 அடி அகலப் பாதையில் நெருக்கிக்கொண்டுதான் போக முடியும்; அப்போது அதன் தாக்குதலுக்கு டிஸ்அட்வான்டேஜ், அதைத் தாக்குபவருக்கு அட்வான்டேஜ். பலவீனம் தேடுபவருக்கு இதுவே நல்ல பலவீனம். ஆனால் ஒவ்வொரு டஞ்சன் வரைபடத்தையும் டிஎம் இதற்காகத் திரும்பப் பார்க்க வேண்டிவரும். 2018இல் சென்டாரை (பாதி மனிதன், பாதி குதிரை) ஆடக் கொடுத்தபோதும் மீடியம் அளவில்தான் கொடுத்தார்கள். குட்டி ட்ரோல்தானே, நீங்களும் மீடியத்திலேயே வையுங்கள்.

அதைவிட முக்கியமாக ஒன்று கேட்க வேண்டும். நிலவறை, ட்ரோல் அந்தக் கிளெரிக்கின் கோயிலில் வளர்ந்தது என்று எழுதியது ட்ரோல் கேட்டவர். கிளெரிக் ஆடுபவரிடம் யாராவது கேட்டீர்களா? அவருடைய கோயில், அவருடைய தெய்வம், அவருடைய பால்யம். இவருடைய கேரக்டருக்கு உத்தரவாதம் சொல்லும் வேலையை அவர் தலையில் கட்டியாகிவிட்டது.

நிலவறை:
கேக்கல. இன்னிக்குத்தான் கேட்டேன். அவருக்குக் கதை பிடிச்சிருக்கு, ஆனா ஒரு திருத்தம் சொன்னார்: கோயில் வளர்த்ததுன்னு வேண்டாம், கோயில் கொல்லாம விட்டதுன்னு வைக்கலாம், தன் கேரக்டர் அந்த முடிவை எதிர்த்த ஆளா இருக்கணும்னார். இப்ப அது ரெண்டு பேரோட கதை.

நான் எழுதி வச்சிருக்கிறது இது. மீடியம் அளவு. செங்காந்தள் சொன்ன ஹிட் டைஸ் முறை, தீயோ ஆசிடோ பட்டா நிக்கும். ஊர் மாறாது, அபாய மணி அடிக்கும். ஆனா வாசல் காட்சி ஒரே ஒரு தடவைதான். கிளெரிக் ஊர்த் தலைவர் முன்னாடி பொறுப்பு எழுதிக் கொடுக்கணும், ட்ரோல் ஏதாவது செஞ்சா கோயில்தான் பதில் சொல்லணும். அதுக்கப்புறம் சந்தைக்கும் சத்திரத்துக்கும் தனித்தனியா வாசல் காட்சி நான் வைக்க மாட்டேன். செஷன் ஸீரோவுல (ஆட்டத்துக்கு முன்னாடி பேசிக்கிற கூட்டம்) ரேஞ்சர், விஸார்ட், ரோக் மூணு பேர்கிட்டயும் தனித்தனியா கேப்பேன். ஒருத்தர் வேண்டாம்னாலும் ட்ரோல் கிடையாது. நண்பருக்கும் அதைச் சொல்லிட்டேன், ஒத்துக்கிட்டார்.

குகைவாசி:
தனித்தனியாகக் கேட்பது நல்லது. எல்லார் முன்னாலும் கேட்டால் யாரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். ரோக் ஆடுபவரிடம் முதலில் கேளுங்கள்.

என் மேஜையாக இருந்தால் இப்போதும் மறுத்திருப்பேன். நடத்துவது என்று முடிவு செய்துவிட்டால் இன்னொன்றையும் இப்போதே எழுதி வையுங்கள்: பூஜ்யம் ஹிட் பாயிண்டில் என்ன நடக்கும்? புத்தகத்து ட்ரோல் பூஜ்யத்தில் டர்னைத் தொடங்கி, அப்போதும் ஆறாவிட்டால்தான் சாகும். அந்த விதியை இவருக்குக் கொடுத்தால் நெருப்பில்லாத எதிரியால் இவரைக் கொல்லவே முடியாது.

செங்காந்தள்:
விழுந்துட்டா மத்தவங்க மாதிரி டெத் ஸேவ்தான் (சாவா பிழைப்பான்னு பகடை உருட்டுறது). விழுந்து கிடக்கிற நேரத்துல ஹிட் டைஸைத் தொடக்கூடாது. எழுப்ப கிளெரிக் வரணும்.

குகைவாசி:
அப்படியானால் சரி. அந்தக் கிளெரிக் அவனை எழுப்ப வருவாரா என்பதை நான் பார்க்க வேண்டும். முதல் செஷன் முடிந்ததும் இங்கே எழுதுங்கள், நிலவறை.