2031 பிக்கைக் குடுத்து லூக்காவுக்கு ஒரு சென்டர் வாங்கணுமா, வேணாமா?

ஊதாதங்கம் | பிப்ரவரி 4, 2025

டல்லாஸ் மாவ்ரிக்ஸ்ல இருந்து லூக்கா டோன்சிச் வந்த சந்தோஷம் ஒரு பக்கம் இருக்கட்டும், இப்ப நம்ம என்பிஏ டீம் லேக்கர்ஸோட ரோஸ்டரை (வீரர் பட்டியலை) ஒரு தடவை பாருங்க. லூக்காவுக்குப் பதிலா ஏடி (ஆந்தனி டேவிஸ்) டல்லாஸுக்குப் போயிட்டார். அவரோட சேர்ந்து வளையத்துக்கிட்ட ஷாட்டை அடைக்கற ரிம் ப்ரொடெக்‌ஷன் போச்சு, ரீபவுண்டு போச்சு, முன்னாடி நிக்கறவன் பீட் ஆனா பின்னாடி வந்து அடைக்க ஆளு போச்சு. ஏடியே ஜனவரில ஓப்பனா சொன்னார், எனக்குப் பக்கத்துல ஒரு சென்டர் (வளையத்தை ஒட்டி ஆடற உயரமான ஆளு) வேணும், நான் நாலாவது பொசிஷன்ல (பவர் ஃபார்வர்ட்) ஆடணும்னு. இப்ப அந்த சென்டரும் வரல, ஏடியும் இல்ல. மிச்சம் இருக்கறது ஜாக்சன் ஹேய்ஸும் டூ-வே கான்ட்ராக்ட்ல (பாதி நேரம் கீழ் லீக்ல ஆடற) பசங்களும்தான். கிறிஸ்டியன் வுட் இந்த சீசன்ல ஒரு மேட்ச்கூட இறங்கல. லூக்காவோட கூட வந்த மேக்ஸி க்ளீபர் பாதத்துல எலும்பு முறிஞ்சு உக்காந்திருக்கார்.

நம்ம கைல குடுக்கறதுக்கு இருக்கற ஒரே ஃபர்ஸ்ட் ரவுண்ட் பிக் (புது வீரர்களை எடுக்கற டிராஃப்ட்ல முதல் சுத்து வாய்ப்பு) 2031தான். 2027 ஏற்கனவே வெஸ்ட்ப்ரூக் டிரேடுல யூட்டாவுக்குப் போயாச்சு, 2029 இப்ப டல்லாஸுக்குப் போகுது, அடுத்தடுத்த ரெண்டு வருஷம் பிக் இல்லாம இருக்கக்கூடாதுங்கற ரூல் இருக்கறதால நடுவுல இருக்கற 2028, 2030ஐ ஸ்வாப்பாதான் (ரெண்டு டீம் பிக்ல நல்லதை அவங்க எடுத்துக்கற உரிமை) குடுக்க முடியும்.

டிரேடு டெட்லைன் வியாழக்கிழமை. என் கருத்து, குடுக்கலாம், ஆனா லூக்காவோட இன்னும் அஞ்சாறு வருஷம் ஆடற வயசுல இருக்கற ஆளுக்கு மட்டும்தான் குடுக்கணும். நீங்க என்ன சொல்றீங்க? யாரை வாங்கலாம்?

---

டல்லாஸ்_நீலம்

நான் மாவ்ஸ் ஃபேன். எனக்கு இன்னும் மனசு ஆறல, அதை இங்க கொட்ட வரல, ஆனா லூக்காவை முதல் சீசன்ல இருந்து பாத்தவன்ங்கற உரிமைல சொல்றேன், சென்டரை வாங்குங்க, யோசிக்கவே யோசிக்காதீங்க.

2022ல நாங்க வெஸ்ட் (மேற்குப் பிரிவு) ஃபைனல்ஸ் போனோம். அப்ப எங்களுக்கு சென்டர்னா ட்வைட் பவல், க்ளீபர். வாரியர்ஸ்கிட்ட 4-1னு தோத்தோம், அவங்க சென்டர் கெவான் லூனி ரெண்டாவது மேட்ச்ல 21 பாயின்ட் போட்டான், அஞ்சாவது மேட்ச்ல 18 ரீபவுண்டு எடுத்தான். ஸ்டெஃப் கரி அடிச்சாக்கூட தாங்கிக்கலாம், லூனி அடிச்சதை எப்படித் தாங்கறது? அதுக்கப்புறம் 2023 டிராஃப்ட்ல சென்டர் லைவ்லி வந்தான், 2024 பிப்ரவரி டெட்லைன்ல இன்னொரு சென்டர் காஃபர்டும் பி.ஜே. வாஷிங்டனும் வந்தாங்க, அதே சீசன்ல நாங்க ஃபைனல்ஸ் ஆடினோம். காஃபர்ட் வந்த கொஞ்ச நாள்ல தொடர்ச்சியா 33 ஷாட் மிஸ் பண்ணாம போட்டான், வில்ட் சேம்பர்லெய்னோட 35க்கு அடுத்தது அதுதான். அவன் திடீர்னு பெரிய ஸ்கோரர் ஆயிட்டானா? இல்ல. லூக்கா பாஸ் குடுத்தா அந்த இடத்துல பந்தைப் பிடிச்சு டங்க் பண்ணத் தெரிஞ்சா போதும்.

லூக்கா பிக் அண்ட் ரோல் (சென்டர் டிஃபெண்டரை மறிச்சுட்டு வளையத்துக்கு ஓடற ஆட்டம்) எப்படி ஆடறார்னு பாருங்க. அவர் வேகமா ஓடமாட்டார், டிஃபெண்டரை இடுப்புல சாத்தி வெச்சுக்கிட்டு மெதுவா உள்ள போவார், எதிர் டீம் சென்டர் தவிச்சு நிப்பான், அவர் மேல வந்தா லாப் (வளையத்துக்கிட்ட தூக்கிப் போடற பாஸ்), வராம நின்னா ஃப்ளோட்டர் (தூக்கி விடற ஷாட்), லாபைத் தடுக்க கார்னர்ல இருந்து ஒருத்தன் உள்ள இறங்கினா அந்தக் கார்னர் த்ரீ திறந்திருக்கும். இது மொத்தமும் லாப் பிடிக்க ஒரு ஆளு மேல போறான்ங்கற பயத்துல நடக்கற விஷயம். அந்த ஆளு இல்லேன்னாலும் லூக்கா 30 போடுவார், ஆனா ஒவ்வொரு பாயின்டுக்கும் உடம்பை வருத்திக்கிட்டுதான் போடுவார், அவருக்குக் கெண்டைக்கால் காயம் வேற கிறிஸ்துமஸ்ல இருந்து இருக்கு.

---

பழையகோர்ட்

டல்லாஸ் தம்பி சொன்ன ஆட்டம் எல்லாம் சரி, ஒத்துக்கறேன். எனக்குப் பயம் 2031ங்கற வருஷத்தைப் பத்தித்தான்.

2012ல ஸ்டீவ் நாஷ் வந்தப்பவும் இதே பேச்சுதான் பேசினோம். ரெண்டு ஃபர்ஸ்ட் ரவுண்ட் பிக் குடுத்தோம். நாஷ் நம்ம ஜெர்சில ஆடினது மொத்தம் 65 மேட்ச். அதுல ரெண்டாவது பிக் மேல இடத்துல வந்தா நம்மகிட்டயே இருக்கும்ங்கற ப்ரொடெக்‌ஷன்ல வருஷா வருஷம் தள்ளித் தள்ளிப் போய் கடைசில 2018ல நம்ம கைய விட்டுப் போச்சு, பத்தாவது பிக், அதுல எடுத்த ஆளு மிகால் பிரிட்ஜஸ். நாஷ் ரிடையர் ஆகி மூணு வருஷம் கழிச்சு அவருக்கான கடனைக் கட்டினோம். கிளிப்பர்ஸைப் பாருங்க, 2019ல பால் ஜார்ஜுக்காக ஷே கில்ஜியஸ் அலெக்சாண்டரையும் பிக்குகளையும் ஓகேசிக்கு (ஒக்லஹோமா சிட்டி) அள்ளிக் குடுத்தாங்க, அந்தப் பிக்ல ஒண்ணுதான் 2022ல ஜேலன் வில்லியம்ஸ். இன்னிக்கு வெஸ்ட்ல ஓகேசி முதல் இடத்துல நிக்கறதுக்கு அதுதானே அஸ்திவாரம்.

2031 டிராஃப்ட் வர்றப்ப லூக்காவுக்கு 32 வயசு. லெப்ரான் இருக்கமாட்டார். அதைவிட முக்கியமான விஷயம், லூக்கா 2026ல ஃப்ரீ ஏஜென்ட் ஆக முடியும் (வேற டீமுக்குப் போகலாம்), இன்னும் எக்ஸ்டென்ஷன் (கான்ட்ராக்ட் நீட்டிப்பு) போடல. டல்லாஸ்ல இருந்திருந்தா கிடைச்சிருக்கும்னு சொல்ற 345 மில்லியன் டாலர் சூப்பர்மேக்ஸ் (உச்ச சம்பளக் கான்ட்ராக்ட்) இந்த டிரேடால போயிடுச்சு, அந்தக் கோபம் அவருக்கு எந்தப் பக்கம் திரும்பும்னு யாருக்குத் தெரியும். அவர் கையெழுத்துப் போடட்டும், அப்புறம் பிக்கைத் தொடுங்க.

---

ஊதாதங்கம்

அண்ணா, அதையே நான் மறுபக்கமாப் பாக்கறேன். லூக்கா இருந்தா 2031 பிக் இருபதுக்கு மேலதான் போகும், யாருக்கும் பெரிசா உபயோகம் இல்ல. லூக்கா போயிட்டா அந்தப் பிக் டாப் அஞ்சுல வரலாம், ஆனா அப்ப நம்ம நிலைமையே நாசம், ஒரு பிக்கை வெச்சு அதைச் சரிபண்ண முடியாது. அப்ப பிக்கைப் பத்திரமா வெச்சிருக்கறது முக்கியமா, லூக்காவைப் போகவிடாம வெச்சிருக்கறது முக்கியமா? அவர் இங்க வந்து முதல் சீசன்லயே சென்டர் இல்லாம முதல் ரவுண்ட்ல வெளிய போனார்னா அவர் என்ன நினைப்பார்?

---

கேப்ஷீட்_கயல்

ரெண்டு பேரும் பிக்கைப் பத்தியே பேசறீங்க, சம்பளக் கணக்கையும் கொஞ்சம் பாக்கணும். நம்ம ஃபர்ஸ்ட் ஏப்ரனுக்கு (லீக் வெச்ச ஒரு சம்பள வரம்பு) மேல இருக்கோம். அதனால அனுப்பற சம்பளத்தைவிட அதிகமா வாங்க முடியாது. எல்லாரும் அட்லான்டா சென்டர் க்ளின்ட் கப்பேலா கப்பேலான்னு சொல்றாங்க, அவர் சம்பளம் 22 மில்லியனுக்குக் கொஞ்சம் மேல. நம்ம ஆளுங்க கேப் வின்சென்ட் 11, வாண்டர்பில்ட் 10.7, ரெண்டையும் சேர்த்தாலும் அதைத் தொடாது, இன்னொரு ஆளையும் சேர்க்கணும், அப்புறம் ரோஸ்டர்ல காலி இடத்தை யாரை வெச்சு நிரப்புவீங்க? ருயி ஹச்சிமுராவை அனுப்பலாம்னு சொல்லாதீங்க, 17 மில்லியனுக்கு அவர் மாதிரி கார்னர் த்ரீயும் போட்டு உடம்போட நின்னு ஆடற ஆளு கிடைக்கமாட்டான். சிகாகோ சென்டர் வூச்செவிச் 20 மில்லியன், அடுத்த வருஷமும் கான்ட்ராக்ட் இருக்கு, ரிம் ப்ரொடெக்‌ஷன் சுத்தமா இல்ல, அது வேணவே வேணாம்.

அதனாலதான் நான் சொல்றேன், ரூக்கி (புதுமுகம்) கான்ட்ராக்ட்ல இருக்கற சென்டர்தான் நமக்கு ஒத்துவரும். ரெண்டு பேரு இருக்காங்க. யூட்டாவோட வாக்கர் கெஸ்லர், சார்லட்டோட மார்க் வில்லியம்ஸ். ரெண்டு பேருமே 2022 டிராஃப்ட், வில்லியம்ஸ் 15, கெஸ்லர் 22. சம்பளம் கம்மி, ஒரு ரூக்கியையும் ஒரு மினிமம் சம்பள ஆளையும் வெச்சே மேட்ச் பண்ணிடலாம். ஆனா சம்பளம் கம்மியா இருக்கறதாலதான் பிக் விலை ஏறுது, அதையும் புரிஞ்சுக்கணும். கெஸ்லருக்கு யூட்டால முடிவெடுக்கற டேனி ஏஞ்ச் ஒரே ஒரு பிக்குக்கு ஒத்துக்கவே மாட்டார்.

---

ரீவ்ஸ்ரசிகை15

மேட்ச் பண்ண அந்த ரூக்கின்னா அது நம்ம டால்டன் நெக்ட்தானே? 17வது பிக்ல கிடைச்ச பையன், நவம்பர்ல யூட்டாவுக்கு எதிரா 9 த்ரீ போட்டு 37 எடுத்தான், ஒரு மேட்ச்ல ரூக்கி அடிச்ச அதிகபட்ச த்ரீ அதுதான். லூக்கா பக்கத்துல நின்னு ஷூட் பண்ற ஆளுங்க வேணாமா? ஆஸ்டின் ரீவ்ஸைத் தொடாத வரைக்கும் எனக்கு எதுவும் ஓகே, ஆனா நெக்டை அனுப்பிட்டு பிக்கையும் அனுப்பறது ரொம்ப அதிகம்.

---

டல்லாஸ்_நீலம்

நெக்ட் நல்லா ஷூட் பண்றான், டிஃபென்ஸ்ல அவனைத் தேடித்தேடி அடிக்கறாங்க. பிளேஆஃப்ஸ்ல லூக்கா, ரீவ்ஸ், நெக்ட் மூணு பேரையும் ஒரே நேரத்துல கோர்ட்ல வெக்க முடியாது. அதுவும் பின்னாடி சென்டர் இல்லாம? டென்வரோட யோக்கிச் உங்களை 2023ல 4-0, 2024ல 4-1னு அனுப்பினார், அப்ப ஏடி இருந்தார். இந்த வருஷம் வெஸ்ட்ல ஹார்டென்ஸ்டைன் இருக்கான், ஸுபாச் இருக்கான், ஷெங்கூன் இருக்கான், கோபேர் இருக்கான். யாரை எதிர்ல நிறுத்துவீங்க?

---

பழையகோர்ட்

அதுக்காக மார்க் வில்லியம்ஸா? அந்தப் பையன் முதல் சீசன்ல 43 மேட்ச், ரெண்டாவது சீசன்ல முதுகு காயத்தால வெறும் 19 மேட்ச். பெரிய உடம்புக்காரனுக்கு முதுகு பிரச்சினைன்னா அது லேசா விடாது. ஏடி எத்தனை மேட்ச் உக்காந்தார்னு புலம்பினோமே, இப்ப அதைவிட மோசமான ரெக்கார்டு இருக்கறவனை நம்பி எல்லாத்தையும் வெக்கணுமா. வேணும்னா கொஞ்சம் பொறுத்து பையவுட் மார்க்கெட்ல (மத்த டீம் கணக்கு முடிச்சு விடுவிச்ச ஆளுங்க) ஒரு ஆளை எடுங்க, மார்ச் 1க்குள்ள ரிலீஸ் ஆனவன் பிளேஆஃப்ஸ் ஆடலாம். டிரேடு பண்ணித்தான் ஆகணும்னு ஒண்ணும் இல்ல.

---

கேப்ஷீட்_கயல்

பையவுட்ல ஏப்ரனுக்கு மேல இருக்கற டீம் 12.8 மில்லியனுக்கு மேல வாங்கிட்டு இருந்தவங்களை எடுக்க முடியாது அண்ணா. மிச்சம் இருக்கறது வயசான பேக்கப் சென்டர்தான். பத்து நிமிஷம் ஓட்டலாம். டெட்லைன்ல நடுத்தர டிரேடு கப்பை ஜெயிச்சுக் குடுத்த கதை நிறைய இருக்கு, டொரன்டோ 2019ல மார்க் கசோல், டென்வர் 2021ல ஆரன் கோர்டன், பாஸ்டன் 2022ல டெரிக் வைட். கோர்டனும் வைட்டும் அந்த வருஷமே கப் தரல, ரெண்டு ரெண்டு வருஷம் ஆச்சு. அவங்களை வாங்கினப்ப ஸ்டார் யாருன்னு டீமுக்குத் தெளிவாத் தெரியும், அவருக்கு என்ன குறையோ அதை மட்டும் வாங்கினாங்க. நமக்கு இப்ப லூக்காதான் அந்த ஸ்டார்.

---

ஊதாதங்கம் | பிப்ரவரி 6

மார்க் வில்லியம்ஸ் வர்றார்! நெக்ட், கேம் ரெடிஷ், 2031 பிக், 2030 ஸ்வாப் குடுத்தோம். ஸ்வாப்பையும் சேர்த்துக் குடுத்தது வலிக்குது, ரீவ்ஸ்ரசிகை சொன்ன மாதிரி நெக்டையும் சேர்த்து அனுப்பினது இன்னும் வலிக்குது, இருந்தாலும் 23 வயசுல ஏழடி உயரத்துல லாப் பிடிக்கற ஆளு கிடைச்சிருக்கான், லூக்காவோட சேர்ந்து வளரட்டும். எனக்கு இது சரின்னுதான் படுது.

---

பழையகோர்ட்

பையன் நல்லா இருக்கட்டும், மனசார சொல்றேன். ஆனா ஒரு ப்ரொடெக்‌ஷன்கூட இல்லாம 2031ஐக் குடுத்ததை நான் ஏத்துக்கமாட்டேன். டாப் நாலுன்னாவது ஒரு வரி எழுதி வாங்கியிருக்கணும்.

---

ரீவ்ஸ்ரசிகை15 | பிப்ரவரி 9

பாத்தீங்களா, வில்லியம்ஸ் பிசிக்கல்ல (உடல் பரிசோதனை) ஃபெயில், டிரேடு ரத்து. நெக்ட் திரும்பி வர்றான். அவனை நினைச்சா பாவமா இருக்கு, பொட்டி கட்டி சார்லட் வரைக்கும் அனுப்பிட்டு இப்ப திரும்ப வான்னா எப்படி இருக்கும். அவன் வந்து முதல் த்ரீ போடறப்ப அரங்கமே எழுந்து நிக்கணும்.

---

டல்லாஸ்_நீலம்

டெட்லைன் முடிஞ்சப்புறம் ரத்து பண்ணினதால வேற டிரேடும் போட முடியாது, அதுதான் பெரிய அடி. வில்லியம்ஸ் பையனுக்கும் இது அநியாயமா தெரியுது. 2009ல டைசன் சாண்ட்லரை ஓகேசி இதே மாதிரி கால்விரலைக் காட்டி திருப்பி அனுப்பினாங்க, ரெண்டு வருஷத்துல அவர் எங்களுக்கு ஸ்டார்டிங் சென்டரா நின்னு 2011 கப் ஜெயிச்சார்.

---

கேப்ஷீட்_கயல்

இப்ப இருக்கற வழி இதுதான். ஹேய்ஸ் ஸ்டார்ட் பண்ணுவார், லாப் பிடிப்பார், ஃபவுல் சிக்கல்ல மாட்டாம இருந்தா லூக்காவோட ரெகுலர் சீசன் ஓட்டிடலாம். வுட்டை விட்டுட்டு அந்த இடத்துல பையவுட் சென்டர் ஒருத்தரை எடுக்கணும். டெரிக் வைட்டைத் தேடினப்ப பாஸ்டனுக்கு இருந்த பொறுமை நமக்கும் வேணும், ஏன்னா பிக் திரும்பிக் கைக்கு வந்திருக்கு. கோடைல 2032ம் கணக்குல வந்துடும், 2031 இல்ல 2032 ஏதாவது ஒண்ணை நேரா குடுக்கலாம், கூட ஸ்வாப்பும் சேர்க்கலாம். அப்ப யூட்டாகிட்ட கெஸ்லரைப் பத்தி மறுபடி கேக்கலாம்.

---

பழையகோர்ட்

அதுக்குள்ள ஆகஸ்ட் வரும், லூக்கா எக்ஸ்டென்ஷன் போடறாரான்னு தெரிஞ்சுடும். அவர் போட்டார்னா கெஸ்லருக்கு 2031ஐ நானே குடுக்கச் சொல்றேன், டாப் நாலு ப்ரொடெக்‌ஷனோட.

---

ஊதாதங்கம்

அது வரைக்கும் பிளேஆஃப்ஸ்ல கோபேரோ யோக்கிச்சோ வந்து நின்னா யாரு அண்ணா எதிர்ல நிப்பா? லெப்ரானா, 40 வயசுல?