மறு: ‘நிலை அழுத்தம்’ வேண்டாம், ‘தள்ளமுக்கம்’ என்று வைப்போம்

எல்லோருக்கும் வணக்கம்.

நாம் சேர்ந்து எழுதுகிற கணினி ஃபான் கையேட்டில் static pressure என்பதற்கு ‘நிலை அழுத்தம்’ என்ற சொல்லையே வைத்துக்கொள்ளலாம், ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறதுதானே என்று மதுரை ஐயா எழுதியிருந்தார். மன்னிக்க வேண்டும் ஐயா, இதை இப்போதே முடித்துவிடக் கூடாது. கையேட்டில் வேறு சொற்கள் சற்று முன்பின்னாக இருந்தாலும் சமாளிக்கலாம். இந்தச் சொல் விளங்காவிட்டால் வாசிக்கிறவர் காசு கொடுத்துப் பிழையான ஃபானை வாங்கிவிடுவார்.

ஃபான் பெட்டியில் முக்கியமாக இரண்டு எண்கள் இருக்கும். எதிரே ஒன்றுமே இல்லாத வெளியில் ஃபான் எவ்வளவு காற்றை அனுப்புகிறது என்பது முதலாவது. அதைக் ‘காற்றோட்டம்’ என்று எல்லோரும் ஒத்துக்கொண்டாயிற்று, எனக்கும் சம்மதம். காற்றுப் போகிற வழியை முழுதாக அடைத்துவிட்டால் ஃபான் எவ்வளவு அமுக்கம் கொடுக்கிறது என்பது இரண்டாவது. அதை மில்லிமீற்றர் நீரில், அதாவது அந்த அமுக்கம் எவ்வளவு உயர நீரைத் தாங்கும் என்ற கணக்கில் அளப்பார்கள். ஒன்று முழுக்கத் திறந்து எடுத்த அளவு, மற்றது முழுக்க மூடி எடுத்த அளவு. இரண்டும் ஒரே நேரத்தில் கிடைக்கவே கிடைக்காது. கேசிங்குக்குள், அதாவது கணினியின் வெளிக்கூட்டுக்குள் பூட்டிய ஃபான் இந்த இரண்டு முனைகளுக்கும் நடுவில் எங்கேயோதான் ஓடும். எங்கே என்பதை எதிரே இருக்கிற தூசிவலையும் வெப்பத்தை வாங்கும் அலுமினியத் தகடுகளும்தான் தீர்மானிக்கின்றன.

ஆஸ்திரியாவின் நொக்டுவா நிறுவனத்து 120 மி.மீ. ஃபான்கள் இரண்டை எடுங்கள். எஸ்12ஏ நிமிடத்துக்கு 1200 சுற்று, மணிக்கு 107.5 கன மீற்றர் காற்று, 1.19 மி.மீ. நீர், 17.8 தெசிபெல். ஏ12×25 நிமிடத்துக்கு 2000 சுற்று, 102.1 கன மீற்றர், 2.34 மி.மீ. நீர், 22.6 தெசிபெல். காற்றோட்டம் மட்டும் விளங்கிய ஆள் கண்ணை மூடிக்கொண்டு எஸ்12ஏ-யை எடுப்பார். சத்தம் குறைவு, காற்றுக் கூட, வேறென்ன வேண்டும்? கேசிங்கின் பின்பக்கத்தால் சூட்டை வெளியே விடுவதற்கென்றால் அது நல்ல தெரிவும்கூட. ஆனால் ஏ12×25-ஐ 1600 சுற்றுக்கு இறக்கிக் கணக்குப் பாருங்கள். சுற்றுக் குறைகிற அதே விகிதத்தில் காற்றோட்டம் குறையும்; அமுக்கம் அந்த விகிதத்தின் வர்க்கப்படி குறையும். கிட்டத்தட்ட 82 கன மீற்றரும் 1.5 மி.மீ. நீரும் வரும். சத்தமும் ஏறத்தாழ 18 தெசிபெலுக்கு வந்துவிடும். அப்படியென்றால் ஒரே அளவு சத்தத்தில் ஒன்று காற்றை அள்ளிக் கொடுக்கிறது, மற்றது தடையை மீறித் தள்ளுகிறது. வாங்குகிறவருக்குத் தெரியவேண்டியது இந்த வித்தியாசம்தான்.

எங்கள் யாழ்ப்பாணப் பக்கத்தில் இது சின்ன விஷயமில்லை. சுன்னாகம், உரும்பிராய், கோப்பாய் எல்லாம் செம்மண். சோளகக் காற்று (தென்மேல் காற்று) வீசத் தொடங்கினால் யன்னலைச் சாத்தினாலும் மேசையில் தூள் படியும். முன்பக்கத்தில் தூசிவலை இல்லாமல் இங்கே கேசிங் வைத்திருக்க முடியாது. வீட்டில் ஒருநாள் அந்த வலைக்கு முன்னால் ஊதுபத்தியைப் பிடித்துப் பார்த்தேன். வலையைக் கழற்றியிருந்தபோது புகை மெல்லிய கோடாய் நேரே உள்ளே போனது. செம்மண் படிந்த வலையைத் திரும்ப மாட்டியதும் புகை வலைக்கு முன்னாலேயே கலைந்து, ஓரத்தால் மேலே ஏறிவிட்டது. கணினியின் அடிப்படை அமைப்புகளைக் காட்டும் பயொஸ் திரையில் ஃபானின் சுற்று மாறவே இல்லை. அந்த ஃபானுக்கு அந்த வலைக்கு ஊடாகத் தள்ள வலு காணாது. இதைத்தான் சொல் சொல்ல வேண்டும்.

‘நிலை அழுத்தம்’ இதைச் சொல்கிறதா? ‘நிலை’ என்றதும் வாசிக்கிறவர் ‘நிலையான’, ‘மாறாத’ என்றுதான் எடுப்பார். உண்மை நேர்மாறு, சுற்றைப் பாதியாக்கினால் இது காற்பங்காகிவிடும். ‘அழுத்தம்’ அதைவிடச் சிக்கல். இலங்கைப் பாடநூல்களில் ‘அமுக்கம்’ என்பதைத்தான் தமிழ்நாட்டில் ‘அழுத்தம்’ என்கிறீர்கள். எங்கள் பிள்ளைகளுக்கு ‘அழுத்தம்’ மின்பாடத்தில் வருவது, ‘அழுத்த வித்தியாசம்’ என்று வோல்ற்றில் அளப்பது. அதே ஃபான் பெட்டியில் 12 வோல்ற் என்றும் போட்டிருக்கும். உயர்தரத்தில் பௌதிகம் படிக்கிற பிள்ளை அந்தப் பக்கத்தை வாசித்தால் எதை எதோடு பொருத்தும்?

கோவைத் தம்பி தந்த மாற்றுச் சொற்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ‘தள்ளுவலு’ காதுக்கு நல்லாயிருக்கிறது, ஆனால் வலு என்றால் இங்கே வாற்றில் அளப்பது. ‘தள்ளுதிறன்’ என்றால் அதே குழப்பம் உங்கள் கரையில் வரும், அங்கே திறன்தான் வாற்று. ‘தள்ளுவிசை’ நியூற்றனுக்குப் போய்விடும். ‘எதிரமுக்கம்’ என்பதை நான் வேண்டாமென்று சொல்லவில்லை, அது வலையும் தகடுகளும் திருப்பிக் கொடுக்கிற தடைக்குப் பொருந்தும். ஃபான் கொடுப்பதற்கு அந்தப் பெயரை வைத்தால் கொடுக்கிறவர் யார், தடுக்கிறவர் யார் என்று தெரியாமல் போகும்.

ஆகவே என் முன்மொழிவு: தள்ளமுக்கம். தமிழ்நாட்டுப் பதிப்பில் தள்ளழுத்தம் என்று போடுங்கள். பொருளைச் சுமப்பது ‘தள்ளு’ என்கிற முன்பாதி. பின்பாதி கரைக்குக் கரை மாறினாலும் இரண்டு பக்கத்தவருக்கும் அது ஒரே சொல்லாகவே விளங்கும்.

இதற்கு ஐயா என்ன சொல்வார் என்று தெரியும். ஓடுகிற காற்றின் வேகத்தால் வருகிற அமுக்கம் ஒன்று இருக்கிறது, அதற்கு இணையாகத்தானே ‘நிலை’ என்ற அடை வந்தது என்பார். நியாயம். பாய்மவியல் பாடநூல் எழுதினால் அந்தச் சோடியைப் பிரிக்கக் கூடாது, அங்கே ‘நிலையமுக்கம்’ இருக்கட்டும். பாடநூல் சொற்களுக்கு நாங்கள் பயந்தவர்களும் இல்லை. 1847இல் இங்கே வந்து, பிறகு மானிப்பாயில் மருத்துவத்தைத் தமிழிலேயே படிப்பித்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன் காலத்திலிருந்து இந்த ஊருக்குக் கலைச்சொல் பழக்கம். ஆனால் நாம் எழுதுவது கடையில் நின்று இரண்டு பெட்டிகளைக் கையில் வைத்துக்கொண்டு யோசிக்கிறவருக்கான கையேடு. அவருக்கு அந்த எண் என்ன செய்யும் என்று பெயரே சொல்லிவிட வேண்டும்.

வவுனியாத் தங்கச்சி சத்தத்துக்கு ஒரே சொல் போதாது என்று எழுதியதை முழு மனதோடு ஆதரிக்கிறேன். காற்று ஃபானின் அலகுகளில் (இறக்கைகளில்) உரசிப் போகிற சத்தம் ‘இரைச்சல்’. அது பழகிவிடும், சீலிங் ஃபானுக்குக் கீழே கேட்காது. மோட்டாரிலிருந்தோ அலகு வலையின் கம்பிக்குக் கிட்ட வெட்டிப் போவதாலோ ஒரே சுருதியில் எழும்புகிற சத்தம் வேறு, அது தலைக்குள் நின்றுவிடும். காற்றில் ஒலி எழுப்புகிற ‘விண்’ பூட்டிய பட்டம் இரவு முழுக்க மேலே நிற்கும்போது ‘விண் கூவுது’ என்கிறோமே, அந்தச் சத்தம். ‘விண்’ என்றால் மற்ற ஊரார் ஆகாயத்தைப் பார்ப்பார்கள், அதனால் ‘கூவல்’ என்று வைப்போம். தேய்ந்த பேரிங்கின் சத்தத்துக்குக் ‘கடகடப்பு’. பெட்டியில் போட்ட தெசிபெல் எண் இந்த மூன்றையும் பிரித்துக் காட்டாது என்பதைக் கையேட்டில் தடித்த எழுத்தில் போட வேண்டும். சத்தமில்லாத ஃபான் தேடுகிறவர் 120-க்குப் பதிலாக 140 மி.மீ. பொருந்துமா என்று முதலில் பார்க்கட்டும், பெரிய ஃபான் அதே காற்றை மெதுவாகச் சுற்றியே கொடுத்துவிடும்.

மிச்சத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பேரிங்குக்குப் ‘போதிகை’ அழகான சொல், கோயில் தூணின் தலையில் உத்தரத்தைத் தாங்குகிற அதே போதிகைதான். ஆனாலும் சைக்கிள் கடைவரை பேரிங் என்றுதான் கதைக்கிறோம்; கையேட்டில் ‘பேரிங்’ இருக்கட்டும், சொற்பட்டியலில் போதிகையைச் சேருங்கள். சுற்றைக் கணினியே கூட்டிக் குறைக்கக்கூடிய, நாலு ஊசி இணைப்புள்ள பீடபிள்யூஎம் (PWM) ஃபானுக்கு ‘நாலூசி ஃபான்’ போதும், வாங்குகிறவர் கண்ணால் பார்த்து எண்ணக்கூடியது அதுதான். ‘ஃபான் வளைகோடு’ என்பதை மட்டும் தயவுசெய்து பிரியுங்கள். காற்றோட்டத்துக்கும் தள்ளமுக்கத்துக்கும் இடையில் உற்பத்தியாளர் தருகிற கோடு ஒன்று, சூட்டுக்கு ஏற்றபடி சுற்றைக் கூட்டிக் குறைக்கப் பயொஸில் நாங்கள் கீறுகிற கோடு இன்னொன்று. முதலாவதைத் ‘தள்ளுகோடு’ என்றும் இரண்டாவதைச் ‘சுற்றுக்கோடு’ என்றும் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

சொற்பட்டியலுக்கு வரைவு: “தள்ளமுக்கம் (தள்ளழுத்தம்): எதிரே உள்ள தடையை மீறிக் காற்றைச் செலுத்த ஃபான் கொடுக்கும் அமுக்கம். பெட்டியில் உள்ள எண் வழி முழுதாக அடைபட்டிருக்கையில் அளந்தது. தூசிவலை, ரேடியேற்றர், நெருக்கமான தகடுகள் ஆகியவற்றோடு பூட்டும் ஃபானுக்கு இதைப் பார்த்து வாங்கவும்.”

இதைவிட நல்ல சொல் யாரிடமாவது இருந்தால் தாருங்கள், இதை விட்டுவிடுகிறேன். ‘நிலை அழுத்தம்’ திரும்பி வருவதற்கு மட்டும் என் சம்மதம் இல்லை.

அன்புடன்,
உரும்பிராயிலிருந்து