பறக்கும் வகுப்பறை: ஊலி குதிக்கும் பகுதியைக் குழந்தைக்குப் படித்துக் காட்டலாமா?

கேள்வி:
எரிக் கெஸ்ட்னர் ஜெர்மன் மொழியில் எழுதி 1933-இல் வெளிவந்த ‘பறக்கும் வகுப்பறை’ நாவலைப் பத்து வயது மகனுக்கு இரவுதோறும் படித்துக் காட்டி வருகிறேன். விடுதிப் பள்ளி மாணவர்கள் ஐவரின் நட்பு அவனுக்கு மிகவும் பிடித்துவிட்டது. ஆனால் பயந்தாங்கொள்ளி என்று கேலி செய்யப்படும் சிறுவன் ஊலி, தன் துணிச்சலைக் காட்ட, விரித்த குடையோடு உயரமான உடற்பயிற்சி ஏணியிலிருந்து குதித்துக் காலை முறித்துக்கொள்ளும் இடம் அடுத்து வருகிறது. பயத்தோடு வாழ்நாள் முழுவதும் இருப்பதைவிடக் கால் முறிந்தது மேல் என்ற பொருளில் பெரியவர் ஒருவரே பின்னர் பேசுவதுதான் எனக்குக் கவலையாக இருக்கிறது. அந்தப் பகுதியை விட்டுவிடலாமா?

பதில் 1:
தயவுசெய்து விடாதீர்கள். ஊலி குதிப்பதற்கு முன் நடப்பதை நிதானமாகப் படியுங்கள். வகுப்புத் தோழர்கள் அவனைக் குப்பைக்கூடையில் உட்காரவைத்து உயரத்தில் தொங்கவிடுகிறார்கள், மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். உள்ளே வரும் ஆசிரியர் குரோய்ட்ஸ்காம், நடக்கும் அட்டூழியத்துக்குச் செய்தவர்கள் மட்டுமல்லாமல் தடுக்காதவர்களும் பொறுப்பு என்னும் கருத்துள்ள வாக்கியத்தை மாணவர்களை எழுதவைக்கிறார். 1933 மே மாதம் பெர்லினில் நாஜிகள் புத்தகங்களைத் தீயிலிட்டபோது தன் நூல்களும் எரிவதைக் கூட்டத்தில் நின்று பார்த்தவர் கெஸ்ட்னர். அதே ஆண்டில் வந்த நாவலில் அந்த வாக்கியம் இருப்பதை என்னால் சாதாரணமாகக் கடந்துபோக முடியவில்லை. ஊலியின் முறிந்த காலுக்கு அந்த வகுப்பு முழுவதுமே பொறுப்பு என்பது உங்கள் மகனுக்குத் தானாகவே புரியும்.

பதில் 2:
முந்தைய பதிலோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். ஆனால் கேள்வி கேட்டவரின் தயக்கம் நியாயமானது. காயம்பட்டதால்தான் மதிப்புக் கிடைத்தது என்று ஒரு குழந்தை எடுத்துக்கொள்ள அங்கே இடமிருக்கிறது, அதை நாம் மழுப்பக் கூடாது. அதற்கு மாற்று மருந்தும் நாவலிலேயே இருக்கிறது. ஊலி விழுந்தபின், எல்லோரையும் வாயாலேயே மடக்கும் செபாஸ்டியன், தனக்கும் துணிச்சல் மிகக் குறைவுதான், அதை வெளியே தெரியாமல் பார்த்துக்கொள்ளும் சாமர்த்தியம் மட்டுமே தன்னிடம் உண்டு என்று தோழர்களிடம் சொல்கிறான். ஏணியில் ஏறாமலே ஒருவன் தன் பயத்தை ஒப்புக்கொள்ளும் இடம் அது. குதிக்கும் பகுதியையும் இதையும் ஒரே இரவில் சேர்த்துப் படியுங்கள். இடையில் நிறுத்தினால் குடையும் சாகசமும்தான் மனத்தில் தங்கும்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. செபாஸ்டியன் பேசும் இடத்தின் முக்கியத்துவத்தை நான் கவனிக்கவே இல்லை. சனிக்கிழமை இரவு இரண்டையும் சேர்த்தே படிக்கிறேன். அந்தப் பெரியவர் சொல்வது சரியா என்பதை, என் கருத்தைச் சொல்வதற்கு முன் அவனிடமே கேட்கப் போகிறேன்.