ஒரே மிதவையில் காற்றாடியும் நீர்ச்சக்கரமும்: வேலைக்கு ஆகுமா?

கொற்கையான்:
ஜப்பானின் மோடெக் நிறுவனம் 'ஸ்க்விட்' என்று ஒரு மிதவையைச் செய்தது. மேலே செங்குத்து அச்சில் சுற்றும் டேரியஸ் காற்றாடி, தண்ணீருக்குள் நீரோட்டம் தள்ளிச் சுற்றும் சவோனியஸ் சக்கரம், நடுவில் ஜெனரேட்டர். மொத்தம் 500 கிலோவாட் என்று திட்டம். காற்று ஓய்ந்தாலும் நீரோட்டம் இருக்கும். நங்கூரமும் கேபிளும் இரண்டுக்கும் ஒன்றே. கடல் காற்றாலை போடும் இடத்தில் எல்லாம் இதையே போட்டால் என்ன?

ஆரல் மெக்கானிக்:
கதையைப் பாதியில் நிறுத்திவிட்டீர்களே. 2014 டிசம்பரில் சாகா மாகாணக் கரைக்கு அப்பால் அது மூழ்கிப்போனது. அதையும் சொல்லுங்கள்.

கொற்கையான்:
முதலில் செய்த ஒன்று மூழ்கியதால் யோசனையே தப்பாகிவிடுமா? அதன் அமைப்பைப் பாருங்கள். கனமான நீர்ச்சக்கரம் அடியில் இருப்பதால் தஞ்சாவூர்ப் பொம்மை மாதிரி சாய்ந்தாலும் நிமிரும். டேரியஸுக்குத் தானாகச் சுழலத் தொடங்குவது கஷ்டம், அதைச் சவோனியஸ் தள்ளிவிடும். சவோனியஸுக்கோ நீர் எந்தப் பக்கமிருந்து வந்தாலும் ஒன்றுதான்.

கணக்குப்பிள்ளை:
கொஞ்சம் எண்களும் பார்ப்போம். கடல்நீர் காற்றைவிட 800 மடங்குக்கு மேல் அடர்த்தி. நொடிக்கு 1 மீட்டர் நீரோட்டத்தில் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 510 வாட் இருக்கிறது. காற்றில் அதே அளவுக்கு நொடிக்கு 9 மீட்டருக்கு மேல் வேகம் வேண்டும். இதுவரை கொற்கையான் பக்கம். ஆனால் திறன் வேகத்தின் மும்மடிக்கு (வேகம் × வேகம் × வேகம்) ஏற்றபடி மாறும். நீரோட்டம் பாதியாகிவிட்டால் 510 என்பது 64 ஆகிவிடும். ஏற்றவற்ற நீரோட்டம் திசை மாறும் நேரத்தில் நின்றே போகும். அப்போது காற்றும் இல்லையென்றால் மிதவை சும்மா கிடக்கும்.

ஆரல் மெக்கானிக்:
அப்படிச் சொல்லுங்கள். அப்புறம், நல்ல காற்றும் நல்ல நீரோட்டமும் ஒரே இடத்தில் அமைவது அபூர்வம். என் சண்டை அதுகூட இல்லை, பராமரிப்பு. ஆரல்வாய்மொழிப் பக்கம் 11 வருஷம் காற்றாலை வேலை பார்த்தவன் நான். காற்று சீசனில்தான் பேரிங் கத்தும், அந்தக் காற்றில் மேலே ஏறவும் முடியாது. ஒரு தடவை கியர்பாக்ஸை இறக்க கிரேனுக்காக மூன்று வாரம் காத்திருந்தோம். அதுவும் தரையில், ரோடு போட்ட இடத்தில்! ஸ்க்விட்டில் கீழே சிப்பி ஒட்டி, பேரிங் போனால் மேலே நல்லபடி இருக்கும் காற்றாடியையும் நிறுத்த வேண்டும்.

கொற்கையான்:
ஜெனரேட்டர் தண்ணீருக்கு மேலேதானே இருக்கிறது அண்ணே? கைக்கு எட்டும்.

ஆரல் மெக்கானிக்:
ஜெனரேட்டர் எட்டும் தம்பி, சக்கரம் எட்டாதே. ஜப்பானின் ஐ.எச்.ஐ. நிறுவனம் 2017இல் அந்த நாட்டை ஒட்டி ஓடும் குரோஷியோ கடல் நீரோட்டத்தில் சோதித்த 'கைர்யூ' என்ற நீரோட்ட மின்கருவியைப் பாருங்கள். பட்டம் மாதிரி கயிற்றில் கட்டி நீருக்குள் மிதக்கவிட்டார்கள். பழுது பார்க்க வேண்டுமென்றால் மேலே மிதக்க வைக்கலாம். அது எனக்குச் சரி. காற்றாலை தனி மிதவையில் நிற்கட்டும், கரைக்கு வரும் கேபிளை மட்டும் பகிரட்டும்.

கணக்குப்பிள்ளை:
அந்தக் கைர்யூவின் கொள்ளளவு 100 கிலோவாட். அந்தச் சோதனையில் குரோஷியோவில் கிடைத்தது அதிகபட்சம் 30 கிலோவாட்.

கொற்கையான்:
அண்ணே, 30க்கு இவ்வளவு வக்காலத்தா? 😀

ஆரல் மெக்கானிக்:
முப்பதோ நாற்பதோ, அது முழுசாகக் கரைக்குத் திரும்பி வந்ததே!