மலையகத்திலிருந்து கர்னல் எழுதக் கருவி அமைத்தவர்களின் அனுபவங்கள்

தலவாக்கலை, பல்கலைக்கழக மாணவி

சொந்தமாக ஒரு சின்னக் கர்னல், அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதி, எழுதிப் பார்க்க ஆசை. விடுமுறைக்கு வீட்டுக்கு வந்திருக்கிறேன். கையில் இருப்பது 4 ஜிகாபைட் நினைவகம் உள்ள பாவித்த மடிக்கணினி. மழை வந்தால் சிக்னல் போய்விடும். இப்படிப்பட்ட இடத்தில் இருந்துகொண்டே கருவிகளை அமைத்தவர்கள் எப்படிச் சமாளித்தீர்கள் என்று எழுதுங்கள்.

மஸ்கெலியா

தோட்டத்து வீட்டில் இருந்துதான் நான் எல்லாவற்றையும் அமைத்தேன், தங்கச்சி. உங்கள் லினக்ஸில் ஏற்கெனவே உள்ள ஜிசிசி கம்பைலரை (மூலநிரலைச் செயலிக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றும் நிரல்) நம்பி இறங்க வேண்டாம். லினக்ஸின் மேல் ஓடும் நிரல்களுக்காகக் கட்டப்பட்ட கம்பைலர் அது. அடியில் ஓர் இயங்குதளம் இருக்கும், சி நூலகம் இருக்கும் என்று எண்ணிக்கொண்டே வேலை செய்யும். நமக்கு அடியில் வெறும் வன்பொருள்தான். ஆகவே எந்த இயங்குதளத்தையும் எதிர்பாராத கிராஸ் கம்பைலர் (ஒரு கணினியில் ஓடி வேறோர் இலக்குக்கு நிரல் கட்டித்தருவது) வேண்டும். ஐ686-எல்ஃப் (32 பிட் பிசி) என்று இலக்கைக் குறித்து, முதலில் பின்யூட்டில்ஸ் (கம்பைல் ஆன துண்டுகளை இணைக்கும் லிங்கர் முதலிய கருவிகள்), அடுத்து ஜிசிசி என்று மூலநிரலிலிருந்து கட்டுவது பலரும் போகும் பாதை. அதற்கு ஜிஎம்பி, எம்பிஎஃப்ஆர், எம்பிசி ஆகிய கணித நூலகங்களும் பைசன், ஃப்ளெக்ஸ், டெக்ஸ்இன்ஃபோ ஆகியவையும் தேவை.

முழு ஜிசிசியையும் கட்டப் போனால் உங்கள் கணினி திணறிவிடும். மொழி சி மட்டும் போதும் என்று சொல்லுங்கள். கட்டும் வேலையை நடத்தும் மேக் கருவிக்கு 'ஆல்-ஜிசிசி', 'ஆல்-டார்கெட்-லிப்ஜிசிசி' என்ற இரண்டு இலக்குகளை மட்டும் கொடுங்கள். லிப்ஜிசிசி எதற்கு என்று கேட்பீர்கள். 32 பிட் கர்னலில் ஒரு 64 பிட் எண்ணை வகுத்துப் பாருங்கள், தெரிந்துவிடும். அந்த வகுத்தலைச் செய்ய ஒரே கட்டளை செயலியில் இல்லாததால் கம்பைலர் லிப்ஜிசிசியில் உள்ள ஒரு சார்பைக் கூப்பிடும். அது இணைக்கப்படவில்லை என்றால் லிங்கர் உங்களைத்தான் திட்டும்.

4 ஜிகாபைட்டில் ஒரே நேரத்தில் இரண்டு வேலைகளுக்கு மேல் ஓடவிடாதீர்கள். ஜிசிசியே சி பிளஸ் பிளஸில் எழுதப்பட்டது. அதன் சில கோப்புகள் நினைவகத்தை விழுங்கும். நினைவகம் தீர்ந்தால் லினக்ஸே கம்பைலரைக் கொன்றுவிடும். திரையில் வரும் பிழைச் செய்தியோ நினைவகத்தைப் பற்றி வெளிப்படையாக எதையும் சொல்லாது.

இனி மின்சாரம். எங்கள் வீட்டு வாசலில் நின்றால் மவுசாகலை நீர்த்தேக்கம் தெரியும். நாட்டுக்கே மின்சாரம் கொடுக்கிற தண்ணீர். எங்கள் லயத்துக்கு (தோட்ட வரிசை வீடுகளுக்கு) வரும் மின்சாரம் மட்டும் போய்விட, காற்று கொஞ்சம் பலமாக அடித்தால் போதும். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்தபோதுதான் நான் கட்டிக்கொண்டிருந்தேன். பேட்டரியோ பெயருக்கு மட்டும் இருந்தது. மேக் நல்ல வேலையாள், விட்ட இடத்திலிருந்து தொடரும். ஆனால் மின்சாரம் திடீரென்று போகும்போது எழுதப்பட்டுக்கொண்டிருந்த ஆப்ஜெக்ட் கோப்புகள் (கம்பைலர் உருவாக்கும் துண்டுகள்) சில வேளை பூச்சிய பைட் அளவில் நின்றுவிடும். கோப்பு இருக்கிறது, நேரமும் புதியது, ஆகவே வேலை முடிந்தது என்று மேக் கடந்து போய்விடும். கடைசியில் லிங்கர் ஏதோ ஒரு சார்பைக் காணவில்லை என்று நிற்கும். மின்சாரம் திரும்பியதும் முதல் வேலையாக, அளவு பூச்சியமாக உள்ள ஆப்ஜெக்ட் கோப்புகளை ஃபைண்ட் கட்டளையால் தேடி அழித்துவிட்டு மேக்கை ஓடவிடுங்கள். எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகத் தொடங்கச் சொல்லும் ஆலோசனை யுபிஎஸ் வைத்திருப்பவர்களுக்குப் பொருந்தும்.

அடுத்தது ஐஎஸ்ஓ, அதாவது கர்னலைத் தொடக்கி வைக்கும் வட்டின் நகல் கோப்பு. அதை உருவாக்கும் க்ரப்-எம்கேரெஸ்கியூ (க்ரப் என்பது கணினி தொடங்கும்போது கர்னலை ஏற்றும் நிரல்) வேலை செய்ய ஸோரிசோவும் எம்டூல்ஸும் வேண்டும். புதிய மடிக்கணினிகளில் லினக்ஸ் யூஇஎஃப்ஐ என்ற புதிய தொடக்க முறை வழியாக நிறுவப்படுவதால் க்ரப்பின் பழைய பயாஸ் பகுதி அதில் வராமலிருக்கலாம். ஐஎஸ்ஓ ஒழுங்காக உருவானது போலவே தோன்றும். கணினியைப் போலவே நடிக்கும் கியூஎமு நிரலில் போட்டால் சிடிரோமைப் படிக்க முடியவில்லை, குறி 0009 என்று வரும். 'க்ரப்-பிசி-பின்' பொதியை நிறுவிவிட்டு ஐஎஸ்ஓவைத் திரும்ப உருவாக்குங்கள், சரியாகிவிடும். க்ரப் கர்னலை அடையாளம் காணும் மல்டிபூட் தலைப்பு, கர்னல் கோப்பின் முதல் 8192 பைட்டுக்குள் இருக்க வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள். லிங்கர் ஸ்கிரிப்டில் அதற்குத் தனிப் பிரிவு கொடுத்து எல்லாவற்றுக்கும் முன்னால் வையுங்கள். சரியாக அமைந்ததா என்று க்ரப்-ஃபைல் சொல்லும். சொல்லும் என்றால் வாய்திறந்து சொல்லாது. திரையில் ஒன்றும் வராது, வெளியேறும் குறியை நீங்களே பார்க்க வேண்டும். பூச்சியம் என்றால் சரி.

பண்டாரவளை

மஸ்கெலியா அண்ணா சொன்னதில் பிழை இல்லை. ஆனால் 4 ஜிகாபைட் கணினியில் ஜிசிசியை மூலத்திலிருந்து கட்டச் சொல்வது அந்தப் பிள்ளைக்குத் தண்டனை. க்ளாங் என்ற இன்னொரு கம்பைலர் பிறவியிலேயே கிராஸ் கம்பைலர். டெபியனிலோ உபுண்டுவிலோ உள்ள பொதியை அப்படியே நிறுவி, எந்த இலக்குக்கு வேண்டும் என்று ஒரு விருப்பத்தில் சொன்னால் முடிந்தது. லிங்கருக்கு எல்எல்டி இருக்கிறது. லிப்ஜிசிசி போன்ற துணைச் சார்புகள் கூடவே வராது என்பது உண்மைதான். அந்த வகுத்தல் ஒன்றிரண்டை நீங்களே எழுதிக்கொள்ளலாம், அல்லது நேரே 64 பிட்டுக்குப் போய்விடலாம்.

64 பிட்டுக்குப் போகிறவர்கள் ரெட் ஸோனை அணைக்காமல் ஓர் அடிகூட வைக்கக் கூடாது. எங்கள் வீட்டில் தம்பி ஒருவன் எழுதிய கர்னலில் நான் கண்ணால் கண்டது இது. திரையில் எழுத்து வந்தது, விசைப்பலகை வேலை செய்தது. டைமர் குறுக்கீட்டை (செயலியின் வேலையை இடைமறிக்கும் சமிக்ஞை) திறந்ததும் ஒரு எண்ணிக்கை மாறி நினைத்தபடி ஏறியது, இறங்கியது. ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் கெட்டது. நிரலை வரி வரியாகப் பார்த்தோம், குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை. லினக்ஸ் பின்பற்றும் 64 பிட் மரபில் ஸ்டாக் சுட்டிக்குக் கீழே உள்ள 128 பைட்டை, சுட்டியை நகர்த்தாமலே கம்பைலர் பாவிக்கலாம். இதுதான் ரெட் ஸோன். சாதாரண நிரலில் அது வேகத்துக்கு நல்லது. கர்னலுக்குள் ஓடும்போது குறுக்கீடு வந்தால் செயலி தன் பதிவுகளை அதே இடத்தில் எழுதித் தள்ளிவிடும். ரெட் ஸோன் வேண்டாம் என்ற ஒரு விருப்பத்தைச் சேர்த்ததும் எண்ணிக்கை ஒழுங்காக ஓடியது. 32 பிட்டில் இந்தத் தொல்லையே இல்லை, அண்ணா அதனால்தான் அதைப் பற்றிப் பேசவில்லை போலும்.

இன்னொன்று. கர்னல் விழும்போது கியூஎமு சட்டென்று மறுதொடக்கம் செய்துகொண்டே இருந்தால் அது பெரும்பாலும் டிரிபிள் ஃபால்ட், அதாவது பிழையைக் கையாளும்போதே மறுபடி மறுபடி பிழை நேர்வது. மறுதொடக்கம் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம் என்று இரண்டு விருப்பங்களைக் கொடுத்து, குறுக்கீடுகளைப் பதிவு செய்யவும் சொல்லுங்கள். எந்த முகவரியில் விழுந்தது என்பது பதிவில் வந்து நிற்கும். பிழை தேடும் ஜிடிபி கருவியை இணைக்க 1234ஆம் போர்ட். நிஜக் கணினியில் ஏற்றிப் பார்க்கும் ஆசையை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள்.

பதுளை

நான் படிப்பித்துக் கொடுப்பவன், சுருக்கமாகவே சொல்கிறேன். வெறும் தரையிலிருந்து எழுதும் முன் எம்ஐடியின் எக்ஸ்வி6ஐ ஒரு தடவை ஓடவிட்டுப் பாருங்கள். பழைய யூனிக்ஸ் ஆறாம் பதிப்பின் அமைப்பைப் பின்பற்றி எழுதப்பட்ட சின்ன இயங்குதளம், இப்போது ரிஸ்க்-வி என்ற செயலி வகைக்காக இருக்கிறது. ரிஸ்க்-வி கம்பைலரும் கியூஎமுவும் பொதிகளாகவே கிடைக்கும். கியூஎமுவுக்குள் அது கேட்பது 128 மெகாபைட் நினைவகம்தான். என் மாணவர்களின் கணினிகளில் அது ஓடாத கணினியை நான் இன்னும் காணவில்லை. கருவி அமைப்பதிலேயே விடுமுறையைத் தொலைத்துவிட்டு ஒரு வரி கர்னலும் எழுதாமல் திரும்பிப் போன பிள்ளைகளை நிறையக் கண்டிருக்கிறேன்.

நுவரெலியா

சொந்தக் கர்னல் எழுதவில்லை, லினக்ஸ் கர்னலுக்குள்ளேதான் வேலை செய்கிறேன். கருவிகள் வேறு, தலைவலி ஒன்றுதான்.

மூலநிரலை வரலாற்றோடு காக்கும் கிட் கருவியில் குளோன் (பிரதி இறக்குதல்) பாதியில் அறுந்தால் தொடர வழியில்லை, முதலிலிருந்து தொடங்க வேண்டும். லினக்ஸின் முழு வரலாறோ பல ஜிகாபைட். நள்ளிரவுக்குப் பின் கிடைக்கும் இரவு டேட்டாவை நம்பித் தொடங்கினால், விடியும்போது இணைப்பு அறுந்து கையில் ஒன்றும் மிஞ்சாது. கர்னல் டாட் ஆர்க் தளத்திலேயே இதற்கு மருந்து இருக்கிறது. முழுக் களஞ்சியத்தையும் ஒரே பண்டில் கோப்பாக வைத்திருக்கிறார்கள். பதிவிறக்கும் டபிள்யூகெட் கருவியைத் தொடரும் விருப்பத்தோடு ஓடவிட்டால் எத்தனை இரவு ஆனாலும் விட்ட இடத்திலிருந்து வாங்கிக்கொள்ளலாம். வந்து சேர்ந்ததும் அந்தக் கோப்பிலிருந்தே குளோன் செய்து, மிச்சத்தை மட்டும் இணையத்திலிருந்து இழுக்கலாம். வரலாறு வேண்டாம் என்றால் ஆழம் 1 என்று குளோன் செய்யுங்கள்.

விண்டோஸுக்குள் லினக்ஸை ஓடவிடும் டபிள்யூஎஸ்எல் வைத்திருப்பவர்கள் மூலநிரலை சி டிரைவ் பக்கம் வைக்காதீர்கள். மெதுவாக இருப்பது ஒரு பக்கம். வலைப் போக்குவரத்தை வடிகட்டும் நெட்ஃபில்டர் பகுதியில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வேறுபாட்டால் மட்டும் பிரியும் கோப்புகள் இருக்கின்றன. அந்த வேறுபாட்டைப் பார்க்காத வட்டில் ஒன்றை ஒன்று அழித்துவிடும். நீங்கள் எதையும் தொடாதபோதே கோப்புகள் மாறியிருப்பதாக கிட் சொல்லும். வைக்கும் கோப்புறையின் பாதையில் இடைவெளியும் கூடாது, மேக்ஃபைல் ஏற்காது.

உபுண்டுவின் கான்ஃபிக்கை (கர்னலில் எவை வேண்டும் என்ற பட்டியல்) எடுத்துப் பாவித்தால், கனோனிக்கல் (உபுண்டு நிறுவனம்) சான்றிதழ் கோப்பு ஒன்றைக் காணவில்லை என்று கட்டுதல் நடுவில் நிற்கும். நம்பகமான சாவிகளுக்கான வரியை வெறுமையாக்கிவிட்டு மீண்டும் ஓடவிடுங்கள். அந்தக் கான்ஃபிக் உலகத்தில் உள்ள எல்லா வன்பொருளுக்கும் மாட்யூல் (தேவைப்படும்போது ஏற்றும் கர்னல் பகுதி) கட்டும். பழைய கணினி விடிய விடிய ஓடும். 'லோக்கல்மாட்கான்ஃபிக்' கொடுத்தால் அப்போது ஏற்றப்பட்டிருக்கும் மாட்யூல்களோடு நிறுத்திக்கொள்ளும். பிரிண்டர், பென் டிரைவ் என்று உங்களுக்கு வேண்டியதையெல்லாம் முன்கூட்டியே செருகி வையுங்கள், இல்லாவிட்டால் அவற்றுக்கான டிரைவர் வராது.

ஜிடிபியோடு போராடுகிறவர்களுக்கு: கர்னல் ஒவ்வொரு முறையும் வேறு முகவரியில் ஏறும்படி ஒரு பாதுகாப்பு ஏற்பாடு இருக்கிறது. தொடக்கக் கட்டளை வரியில் அதை அணைக்காவிட்டால் பிரேக்பாயிண்ட் வைத்த இடத்தில் நிற்காது.

தலவாக்கலை, பல்கலைக்கழக மாணவி

எல்லோருக்கும் நன்றி. க்ளாங், 64 பிட் என்று முடிவு செய்திருக்கிறேன். அதற்கு முன் எக்ஸ்வி6. பொதிகளை யாராவது பென் டிரைவில் தர முடியுமா?

மஸ்கெலியா

க்ளாங் என்று முடிவெடுத்துவிட்டீர்கள், இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை ஹட்டனுக்குச் சாமான் வாங்க வருவேன், பஸ் நிலையத்துக்கு அம்மாவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். உங்கள் உபுண்டு எந்தப் பதிப்பு என்று இன்றே எழுதுங்கள், டெப் (பொதி) கோப்புகள் அதற்குப் பொருந்த வேண்டும். லினக்ஸ் மூலநிரலும் வேண்டுமென்றால் சுருக்கிய டார் கோப்பாகவே தருகிறேன். விரித்து வைத்த கோப்புறையை ஃபேட்32 பென் டிரைவில் போட்டால் சிம்லிங்குகள் (வேறு கோப்பைச் சுட்டும் கோப்புகள்) நிற்காது.