மழை தாங்கும் தொங்கும் பேய் செய்ய யோசனை வேண்டும்

நண்பர்களே, நியூ ஜெர்சியில் இருக்கிறோம். அக்டோபர் 31 ஹாலோவீனுக்கு வாசல் போர்ச்சில் தொங்கவிட வீட்டிலேயே பேய் செய்கிறோம். வெள்ளைப் பசையையும் தண்ணீரையும் சம அளவில் கலந்து, அதில் சல்லாத்துணியை நனைத்து ஊதிய பலூன் மேல் போர்த்திக் காயவிட்டால் விறைத்துக்கொள்ளும். அப்புறம் பலூனை உடைத்து எடுத்துவிட்டால் உள்ளே யாருமில்லாத பேய்! தொங்கவிடத் தூண்டில் நரம்பு. இருட்டில் கண்ணுக்கே தெரியாது.

சிக்கல் மழைதான். ஈரம் பட்டால் இந்தப் பசை இளகிவிடும், பேய் துவண்டுவிடும். மேலே வார்னிஷ் ஸ்ப்ரே அடித்தால் தாங்குமா, இல்லை வெள்ளை மஞ்சளாகிவிடுமா? காற்றில் நரம்பு முறுக்கிக்கொள்ளாமல் இருக்க, தூண்டிலில் போடும் சுவிவல் (தானாகச் சுழலும் சின்ன இணைப்பு) மாட்டிப் பார்த்தவர்கள் உண்டா? கடையில் விற்கும் பிளாஸ்டிக் எலும்புக்கூட்டை வாங்கச் சொல்லாதீர்கள், மகள் ஒத்துக்கொள்ள மாட்டாள்.