கல்லடிக் கடலுக்கு மேல வெளிச்சம்: வேற யாரும் படம் எடுத்தீங்களா?

வணக்கம் மட்டக்களப்பு உறவுகளே. போன வெள்ளி இரவு எட்டு மணிபோல கல்லடிக் கடற்கரையில மச்சான் போனில எடுத்த படம் இது. கடலுக்கு மேல மூன்று செம்மஞ்சள் புள்ளி. அதுக்குள்ள "பறக்கும் தட்டு" எண்டு குரூப் குரூப்பா ஓடத் தொடங்கிட்டுது.

பெருப்பிச்சுப் பார்த்தன். ரெண்டு புள்ளி, கரையில எரியிற தெருவிளக்கு ரெண்டுக்கும் படத்தின்ட நடுவுக்கு நேரெதிரா விழுந்திருக்கு. லென்சுக்குள்ள ஒளி தெறிச்ச வேலைதான். மூன்றாவதுக்குத்தான் சோடி விளக்கு இல்ல, அதை மச்சான் கண்ணாலயும் பார்த்தவராம். ஸ்டார்லிங்க் இன்டர்நெட் செய்மதிகள் எண்டால் வரிசையா நகரும். விண்வெளி நிலையமும் சில நிமிசத்தில வானத்தைக் கடந்திடும். இது கால் மணித்தியாலம் அசையாம நிண்டதாம். (மச்சான்ட கால் மணித்தியாலம் எவ்வளவு எண்டு அக்காவிட்டக் கேட்டால் தெரியும்.)

நாவலடி, டச்பார், காத்தான்குடிப் பக்கம் நிண்ட ஆக்கள் படம், வீடியோ வச்சிருந்தா தயவுசெய்து தாங்க. வாட்ஸ்அப்பில சும்மா படமா அனுப்பினா எடுத்த நேரம், கமரா விபரமெல்லாம் அழிஞ்சுபோகும், டொக்யுமென்டா அனுப்புங்க. எங்க நிண்டு, எந்தத் திசையைப் பார்த்து எடுத்தீங்க எண்டதும் வேணும். ரெண்டு இடத்துத் திசை கிடைச்சாலே வரைபடத்தில கோடு கீறித் தூரத்தைப் பிடிக்கலாம்.

அண்டைக்குக் கடலுக்குப் போன அண்ணாமார், படகில பெரிய வெளிச்சம் போட்டிருந்தீங்களா? ட்ரோன் விட்ட தம்பிமார் இருந்தாலும் சொல்லுங்க, ஏச மாட்டன்.